முனியாண்டிக்கு ஒரு டியூப் லைட்

போன வியாழக்கிழமை மத்தியானம். அடித்த வெயிலுக்கு ஒருத்தரும் படம் எடுக்க வரவில்லை. கல்யாண ஆல்பம் ஒன்றுக்குப் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. என் ஸ்டூடியோவுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற ஒரே ஆள் அஞ்சலைதான். எத்தனை தடவை வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கமாட்டார்.

"அண்ணே, அவரு படம் வேணும். ஞாயித்துக்கெழம கருமாதி."

"அதுக்கென்னம்மா, பிரேம் போட்டே தர்றேன்."

"கண்ணு தொறந்த படமா வேணும்ணே."

பசை பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

அஞ்சலையின் புருஷன் முனியாண்டி. அவர் உயிரோடு இருந்தபோது நான் எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான். அதில் அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் ஒரு சின்னப் படம் இருந்திருக்கும். சாவைப் பதியப் போனபோது அந்த அட்டையை வாங்கிக்கொண்டார்களாம். கொடுப்பதற்கு முன்னால் படத்தைக் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அஞ்சலைக்கு யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் யாருக்குத்தான் தோன்றும்?

"தூங்குற படத்த வெச்சு எப்படிண்ணே படைக்கிறது? படைச்சத அவரு பாக்க வேணாமா?"

நியாயமான கேள்வி. எங்கள் தொழிலில் இதற்கு வழி இருக்கிறது. செத்த பிறகு எடுத்த படத்துக்கே நான் கண் வரைந்து கொடுத்திருக்கிறேன். பிரிண்டின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் இமையைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே கருவிழி வைத்து, அதில் துளி வெள்ளை வைத்தால்... பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அதைச் சொன்னேன்.

"செஞ்சு குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

அந்த ஒரே படத்தில் முனியாண்டி ஏன் தூங்கிக்கொண்டிருந்தார்? அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன். சிரிப்பதற்கு இரண்டொரு இடம் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாரா வாரம் பத்திரிகையின் இந்த மூலையைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு இந்தத் தம்பதியைத் தெரியும். சில மாதங்களுக்கு முன்னால் பெயர் போடாமல் எழுதியிருந்தேனே... தகரப் பெட்டியைக் கணுக்காலோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு தூங்குகிறவர்கள் – அவர்கள்தான். காஜா பெராங் தெருவில் என் ஸ்டூடியோவுக்கு நேர் எதிரே ஒரு சீனர் மளிகைக் கடை. அதன் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதைதான் அவர்கள் படுக்கை. பகலில் அரிசி மூட்டையும் கருவாட்டுக் கூடையும் இருக்கும். கடை சாத்தியதும் பாய் விரியும்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்தவர்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கி ஆளாளுக்கு விற்றுவிட்டார்கள். துண்டு வாங்கியவர்களுக்கு மரம் வேண்டியிருந்தது. லயத்து வரிசை வீட்டில் குடியிருந்த மனிதர்கள் வேண்டியிருக்கவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு இவர்களுக்கு வீடு போனது. பட்டணத்துக்கு வந்தார்கள். வாடகைக்கு அறை எடுக்க முடியவில்லை. நடைபாதை கிடைத்தது.

முனியாண்டிக்கு லாரியில் கெலிண்டான் வேலையும் கிடைத்தது. கெலிண்டான் என்றால் லாரியோடு போகிற ஆள். மூட்டை ஏற்ற வேண்டும். ஏற்றிய மூட்டைகளின் உச்சியில் உட்கார்ந்து போக வேண்டும். போன இடத்தில் இறக்க வேண்டும். பத்து பெரெண்டாம், புக்கிட் ரம்பாய் என்று நாள் முழுக்க ஓட்டம். உச்சியில் உட்காருகிறவனுக்குப் பிடித்துக்கொள்ளக் கயிற்றைத் தவிர வேறொன்றும் கிடையாது.

"மூட்ட தூக்குறதெல்லாம் ஒரு வேலையே இல்லண்ணே" என்று ஒருநாள் என் கடை வாசலில் உட்கார்ந்து சொன்னார். "தூக்கம் கெட்டுப்போயி மேல ஏறக்கூடாது. அதான் இந்த வேலைக்கு மொத பாடம். கண்ணு அசந்துச்சு, அம்புட்டுதான்."

ஆகவே தயவுசெய்து ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். உங்களுக்கும் எனக்கும் தூக்கம் கெட்டால் மறுநாள் தலைவலி. முனியாண்டிக்குத் தூக்கம் கெட்டால் உயிர்.

அந்தத் தகரப் பெட்டியை ஒருத்தன் கயிற்றை அறுத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டு வேட்டி, ஒரு சேலை, சாமி படம். அதற்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் முறை வைத்துக்கொண்டு முழித்திருந்தார்கள். அதைத்தான் அப்போது எழுதினேன். எழுதினால் என்ன நடக்கும்? வழக்கமாக ஒன்றும் நடக்காது. அந்தத் தடவை நடந்துவிட்டது.

பத்திரிகை வந்த வாரமே கமிட்டித் தலைவர் என் கடைக்கு வந்தார். எங்கள் ஊரில் நாலு பெரியவர்கள் சேர்ந்து ஒரு நற்பணிக் கமிட்டி நடத்துகிறார்கள். அதற்குத் தலைவர். ஒரு தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்லவர் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை எவ்வளவோ சுலபமாக முடிந்திருக்கும்.

"ஓய், உம்ம பத்தியப் படிச்சேன். மனசு கேக்கல. ஏன்யா அவங்க தூங்க முடியல?"

"திருட்டுப் பயம்."

"திருடன் ஏன் வர்றான்?"

"இருட்டா இருக்கு, வர்றான்."

"அப்போ இருட்ட எடுத்துட்டா?"

பேப்பரைச் சுருட்டி என் கவுண்டரில் ஒரு தட்டுத் தட்டினார். கண்டுபிடித்துவிட்டார். "விஞ்ஞான காலமய்யா இது. மெர்டேக்கான்னு சுதந்திரமும் வந்தாச்சு. நம்ம ஜனம் இன்னமும் இருட்டுல படுத்துக் கிடக்கணும்னு என்ன தலையெழுத்து? டியூப் லைட் போடுறோம்."

திட்டத்துக்கு ஒரு பெயரும் வைத்தார்: ‘தெருவோரம் துயில்வோர் நித்திரை நலத் திட்டம்’. துயிலும் நித்திரையும் ஒரே வரியில் படுத்திருந்தன. துயில்வோரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் மனிதர் உழைத்தார். பொய் சொல்லக்கூடாது. மளிகைக் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் நடையாய் நடந்து பேசினார். கரண்டுக்குக் கமிட்டி பொறுப்பு. லைட் எரிந்தால் கடைக்கும் காவல். அதற்குப் பதிலாக முனியாண்டியையும் அஞ்சலையையும் யாரும் எழுப்பி விரட்டக்கூடாது. தவுக்கே யோசித்துவிட்டுச் சரி என்றார். நடைபாதைக் கூரையில் நீளமாக ஒரு டியூப் லைட் ஏறியது. சுவிட்ச் கடைக்கு உள்ளே. கடை சாத்தும்போது போட வேண்டும். மறுநாள் காலை திறக்கும்போது அணைக்க வேண்டும்.

திறப்பு விழா சாயங்காலம் நடந்தது. படம் எடுக்க நான்தான். முனியாண்டி லாரியிலிருந்து இன்னும் திரும்பவில்லை. மெர்டேக்காவுக்குக் கட்டிய கலர்க் கொடிகளில் மிச்சம் இருந்ததைக் கடை முகப்பில் கட்டியிருந்தார்கள். தலைவர் பேசினார். சுவிட்ச் தட்டினார்கள். இரண்டு மூன்று தடவை கண் சிமிட்டிவிட்டு டியூப் பளீரென்று எரிந்தது. கை தட்டினார்கள்.

"பகல் மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். "பகலேதான்" என்றார் இன்னொருவர்.

பகல் மாதிரி இருக்கிற இடத்தில் படுத்தால் தூக்கம் வருமா என்று யாராவது கேட்டார்களா? நானும் ஃபோக்கஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்கள் கழித்துத் தலைவர் மறுபடி வந்தார். கமிட்டி அறிக்கையில் போட ஒரு படம் வேண்டுமாம். முனியாண்டி நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை. மத்தியானம் நாலைந்து கமிட்டிக்காரர்கள் வந்து நின்றார்கள். தவுக்கேயின் ஆள் வந்து சுவிட்சைப் போட்டான் – பட்டப்பகலில், லைட்டும் படத்தில் விழ வேண்டும் என்பதற்காக. அஞ்சலை பாயை விரித்தார். முனியாண்டி தலைக்கு ஒரு துணி மூட்டையை வைத்துக்கொண்டு படுத்தார்.

"கண்ண மூடிக்கப்பா. தூங்குற மாதிரி இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். ஸ்டாண்டை நகர்த்தினேன். ஃபோக்கஸ் வைத்தேன். பிளேட் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால்... மனிதர் நிஜமாகவே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை பாயைத் தாண்டி சிமெண்டில் கிடந்தது. மார்பு ஏறி இறங்கியது.

கிளிக் செய்தேன்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீரா? லைட்டு நெத்திக்கு நேரா எரியுது, மனுஷன் எப்படித் தூங்குறான் பாரும். முன்னாடி இப்படித் தூங்கியிருப்பானா?"

எழுப்பினார்கள். எழவில்லை. அஞ்சலை தோளைப் பிடித்து உலுக்கினார். முனியாண்டி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, சுற்றி நின்ற கால்சட்டைகளைப் பார்த்து, "பெரட்டுக்கு அடிச்சாச்சா?" என்று கேட்டார்.

தோட்டத்தில் விடியுமுன் ஆள் கூப்பிட்டுக் கணக்கெடுப்பார்களே, அதுதான் பெரட்டு. எல்லோரும் சிரித்தோம்.

"எப்படிய்யா இருக்கு லைட்டு?" என்று தலைவர் கேட்டார்.

முனியாண்டி எழுந்து நின்றார். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கை இரண்டும் முன்னால் கட்டிக்கொண்டன.

"நல்லா இருக்குங்க ஐயா."

அறிக்கை அச்சாகிவிட்டது. படம் அதன் முதல் பக்கத்தில்.

அஞ்சலை தினமும் என் கடைப் பின்கட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவார். அறிக்கை வந்த கொஞ்ச நாளில், வாளி நிரம்பி வழிவது தெரியாமல் சுவரில் சாய்ந்து நின்றார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"என்னம்மா, உடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லண்ணே. தூக்கந்தான்."

"இன்னுமா திருட்டு?"

"திருட்டு இல்ல. ஒரு பய எட்டிப் பாக்கல. லைட்டுதான்."

வாளியை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். கண்ணை மூடினாலும் வெளிச்சம் இமைக்குள்ளே வருகிறதாம். குப்புறப் படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். மழை பெய்த அன்று ஈசல் முழுக்க டியூபில் மொய்த்து இறக்கையோடு இவர்கள் மேலே கொட்டியதாம். டியூபுக்குள் ஏதோ ஒன்று ‘ஙொய்’ என்று ஓயாமல் பாடுகிறதாம். முந்தானையைக் கிழித்துப் புருஷன் கண்ணில் கட்டிப் பார்த்தாராம். புழுக்கத்தில் அவர் அவிழ்த்து எறிந்துவிட்டாராம்.

"பகல்லதான் அவருக்குத் தூக்கம் வருதுண்ணே. பகல்ல லாரி மேலல்ல இருக்காரு."

"அப்போ அன்னைக்குப் படத்துல..."

"அன்னைக்கி ஞாயித்துக்கெழம. வேலை இல்ல. தலையக் கீழ வெச்சா போதும், எந்த வெளிச்சத்துலயும் உழுந்துருவாரு. அவரு தூக்கம் அப்படிச் சேந்து கெடந்துச்சு."

"பக்கத்துச் சந்துல போய்ப் படுக்கலாமே?"

படுத்தார்களாம். விடிகாலையில் நடைப்பயிற்சிக்கு வந்த தலைவர் லைட்டுக்குக் கீழே ஆள் இல்லாததைப் பார்த்துத் தேடிக்கொண்டு வந்துவிட்டாராம். திட்டவில்லை. வருத்தப்பட்டாராம். "உங்களுக்காகத்தானேம்மா இவ்வளவும் செஞ்சோம்" என்றாராம். அதற்கு மேல் சந்தில் எப்படிப் படுப்பது?

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானேம்மா? அன்னைக்கு அவ்வளவு பேர் முன்னாடி கேட்டாரே. நல்லா இருக்குன்னு எதுக்குச் சொன்னாரு உங்க வீட்டுக்காரர்?"

அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பாவம், இவருக்குத் தெரியாது என்கிற மாதிரி ஒரு பார்வை.

"தோட்டத்துல தொரை லயத்தச் சுத்திப் பாக்க வருவாருண்ணே. கூர ஒழுகுதா, தண்ணி வருதான்னு கேப்பாரு. பின்னால பெரிய கிராணி நிப்பாரு. எல்லாரும் நல்லா இருக்குங்கன்னுதான் சொல்லுவோம். ஒழுகுதுன்னு சொன்னவன் வீட்ட அப்புறம் யாரு வந்து பாத்தா? இந்த ஐயாவும் அப்படியே, கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறாரு. அவருக்கு நாக்கு எப்படி வரும்?"

"இது தோட்டம் இல்லையேம்மா. அது பழைய பழக்கம்."

"பழக்கம் மட்டும் இல்லண்ணே. லைட்டு வேணாம்னு சொன்னா, அஞ்சடியும் வேணாம்னுதானே ஆவும்? தவுக்கே லைட்டுக்காகத்தானே எங்கள விட்டு வெச்சிருக்காரு."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை தலைவர் வீட்டுக்குப் போனேன். புக்கிட் பாருவில் புதிதாகக் கட்டிய வீடு. காபி வந்தது. கூரையில் காற்றாடி சுற்றியது. விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் அறிக்கையை எடுத்து வந்து என் முன்னால் பிரித்து வைத்தார்.

"இது நீர் எடுத்த படம்தானே?"

"ஆமா."

"நடிக்கச் சொன்னோம். நிஜமாவே தூங்கிட்டான். நீரும் பாத்தீர். நான் நேர்ல கேட்டேன், நல்லா இருக்குன்னான். இப்போ நீர் வந்து இல்லைங்கிறீர். நான் யார நம்புறது?"

நான் எடுத்த படம், எனக்கு எதிர்ச் சாட்சி. இப்படி ஒரு நாள் வரும் என்று கேமரா வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.

"நீங்க தூங்கும்போது உங்க ரூம்ல லைட் எரியுமா?" என்று கேட்டேன்.

கேள்வியை அவர் தள்ளிவிடவில்லை. கொஞ்சம் யோசித்தார். "எரியாது. ஆனா நான் கதவப் பூட்டிட்டுத் தூங்குறேன். அவனுக்குக் கதவு இல்ல. கதவுக்குப் பதிலாத்தான்யா லைட்டு."

உண்மைதானே... லைட் வந்த பிறகு திருடன் வரவில்லை. தூக்கமும் வரவில்லை, அவ்வளவுதான்.

"சரி, சுவிட்சையாவது வெளிய வைக்கலாமே. வேணுங்கிறப்போ போடட்டும், வேணாங்கிறப்போ அணைக்கட்டும்."

"அணைச்சு வெச்சிருக்கிற நேரம் பாத்துத் திருட்டுப் போனா? பேரு யாருக்குக் கெடும்? கமிட்டிக்குத்தான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த கூட்டத்துல வைக்கிறேன். பேசுவோம்" என்றார்.

வைத்திருப்பார். அவர் சொன்ன சொல் தவறுகிற ஆள் இல்லை. கூட்டத்துக்குத்தான் நாள் வரவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. நாம் மனிதர்களுக்கு எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடுகிறோம். லைட் கொடுப்போம், காற்றாடி கொடுப்போம், கொடி கொடுப்போம், சுதந்திரம்கூடக் கொடுப்போம். சுவிட்சை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறோம். வாங்கிக்கொண்டவர்கள் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லும்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது நமக்கு... அதைச் சொல்லாமல் அவர்களால் இருக்க முடியுமா என்று மட்டும் பார்ப்பதில்லை.

முனியாண்டி போனது ஒரு சாதாரண நாளில். புக்கிட் ரம்பாய்க்குத் தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு போன லாரி. தவிட்டு மூட்டை மெத்தென்று இருக்கும். வெயிலில் காய்ந்து சூடாகவும் இருந்திருக்கும். வளைவு ஒன்றும் பெரிய வளைவு இல்லை என்று அந்த டிரைவர் சொன்னார். மலாய்க்காரர், வயதானவர். அஞ்சலையைத் தேடி எதிர்க்கடைக்கு வந்து, அங்கே காணாமல் என் கடைக்குள் வந்து நின்றார். கையெல்லாம் தவிடு.

"தீடோர்" என்றார். "டியா தீடோர்."

தூங்கிவிட்டான். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது அவரால். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதும் இல்லை.

பின்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அஞ்சலை அங்கேதான் இருந்தார். போய்ச் சொன்னது நான்தான். அவர் குழாயை அடைத்தார். வாளியை ஓரமாக வைத்தார். பிறகு அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. எதிர்க்கடைக் கூரையில் வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் குழல் விளக்கைக் கல்லால் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்தது. வேறு எங்கே வைப்பது? அதே ஐந்தடியில்தான் வைத்தார்கள். தவுக்கே கடையைச் சாத்திவிட்டு ஓரமாக நின்றார். தலைமாட்டில் ஏற்றிய விளக்கு காற்றுக்கு நிற்கவில்லை. ஏற்ற ஏற்ற அணைந்தது. தலைவர் அழுதுகொண்டிருந்தார். நிஜமான அழுகை. எல்லாச் செலவும் ஏற்பாடும் அவருடையதுதான். "நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தவனாச்சேய்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கடைப் பையனிடம் திரும்பி, "விளக்கு நிக்க மாட்டேங்குது. அந்த லைட்டப் போடு" என்றார்.

போட்டார்கள். கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. அஞ்சலை தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அந்தப் பிரிண்டோடு உட்கார்ந்தேன். தலையையும் தோளையும் மட்டும் பெரிதாக்கி, பாயும் சிமெண்டும் தெரியாமல் பின்னால் வெள்ளையாக்கி வைத்திருந்தேன். கண் வரைவது லேசான வேலை இல்லை. எந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி வரைவது? படத்தில் அவர் மல்லாந்து படுத்திருக்கிறார். அதனால் நேராக, கொஞ்சம் மேலே பார்க்கிற மாதிரி வைத்தேன். சொந்தப் பெருமையாக இருந்தாலும் சொல்கிறேன், நன்றாகவே வந்தது. முனியாண்டி முழித்துக்கொண்டு என்னைத் தாண்டி எதையோ பார்த்தார்.

மறுநாள் அஞ்சலை வந்தார். படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிடிக்கவில்லையோ என்று எனக்குத் தோன்றியது.

"சரியா வரலையாம்மா? மாத்தணும்னா மாத்துறேன்."

"ரொம்பச் சரியா இருக்குண்ணே. இந்த முழியத்தான் தெனம் பாத்துக்கிட்டிருந்தேன்."

"எங்கே?"

"அஞ்சடியிலதான். நான் பொரண்டு படுக்கறப்பெல்லாம் பாப்பேன். இதே மாதிரிதான், மல்லாந்து, அந்த லைட்டயே பாத்துக்கிட்டுக் கெடப்பாரு. தூங்கலையான்னு கேட்டா, நீ தூங்கு புள்ளைம்பாரு."

படத்தைக் கவுண்டரில் வைத்தார். கவிழ்த்து வைத்தார்.

"மூடுன படமே குடுத்துருங்கண்ணே."

"நேத்து நீங்கதானேம்மா கேட்டீங்க? படைக்கிறத அவர் பாக்கணும்னு."

"சோறு எங்க போயிடும்? எந்திரிச்சுப் பாத்துக்கட்டும். மொதல்ல தூங்கட்டும்."

கண் வரையாமல் வைத்திருந்த இன்னொரு பிரிண்டை எடுத்து, கண்ணாடி துடைத்து, பிரேம் போட்டேன். ஆணி ஒன்று கோணலாகப் போனது. மறுபடி பிடுங்கி அடித்தேன். பிரௌன் பேப்பரில் சுற்றிக் கொடுத்தபோது, நேற்றிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"இன்னும் அங்கதான் படுக்கிறீங்களா?"

"வேற எங்கண்ணே? காலையில ஐயாகூட வந்துட்டுப் போனாரு. பொம்பள தனியாப் படுக்கிறேனேன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. இன்னொரு லைட்டு போட்டுக் குடுக்கிறேன்னாரு. இப்ப இருக்கறது எப்படிம்மா இருக்குன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அஞ்சலை படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்குன்னு சொன்னேன்."